வாந்தியை நிறுத்தும் ஊசியும் இதயத் துடிப்பும்: அவசரப் பிரிவில் யாருக்கு முதலில் ஈசிஜி தேவை

அவசரச் சிகிச்சைப் பிரிவில் அதிகம் யோசிக்காமல் போடப்படும் ஊசிகளில் ஒண்டான்செட்ரானுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. வாந்தி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்து, கையில் ஊசிக்குழல் ஏறிய உடனேயே 4 மில்லிகிராம் உள்ளே போய்விடுகிறது. அப்படிப் போட்டுக்கொள்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது ஒரு தீங்கும் செய்வதில்லை. ஆனால் இந்த ஊசியும், இதே வேலைக்குப் பயன்படும் வேறு சில மருந்துகளும், ஈசிஜியில் க்யூடி எனப்படும் இடைவெளியை நீட்டக்கூடியவை. ஏற்கெனவே பலவகையில் நலிந்திருக்கும் ஒருவருக்கு அந்த நீட்சியும் சேரும்போது, டோர்சாட் என்ற உயிருக்கு ஆபத்தான துடிப்புக் குழப்பம் தோன்றக்கூடும். யாருக்குத் தயங்காமல் போடலாம், யாருக்கு ஈசிஜி பார்த்த பிறகே போட வேண்டும், யாருக்கு வேறு வழி தேட வேண்டும் என்பதைப் பிரித்தறியும் முறையைப் பணி மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனத்தில் கொண்டு இங்கே விளக்குகிறேன். நோயாளியின் உறவினர்களுக்கும் இதில் பயன் உண்டு, ஏனென்றால் முடிவைத் தீர்மானிக்கும் தகவல்களில் பாதி அவர்களிடமிருந்துதான் வர வேண்டும். வேறாகக் குறிப்பிடாத இடங்களில் அளவுகள் அனைத்தும் வளர்ந்தவர்களுக்கானவை. பணிபுரியும் மருத்துவமனையின் நெறிமுறை வேறாக இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

ஆபத்து எங்கிருந்து வருகிறது

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயக் கீழறைகளின் செல்கள் தம் மின்னேற்றத்தை மீட்டுக்கொண்டாக வேண்டும். இறைத்த கிணறு மீண்டும் ஊறுவதற்கு நேரம் எடுப்பதைப் போல இதற்கும் ஒரு கால அளவு உண்டு. ஈசிஜியில் கியூஆர்எஸ் எனப்படும் கூரிய அலை தொடங்கும் இடத்திலிருந்து, அதை அடுத்து வரும் டி அலை முடியும் இடம் வரை உள்ள க்யூடி இடைவெளி, கீழறைகள் சுருங்கத் தொடங்கியதிலிருந்து இந்த மீட்சி முடியும் வரையிலான நேரத்தைக் காட்டுகிறது. செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் குறிப்பிட்ட சில வாயில்கள் வழியாக வெளியேறுவதால்தான் மீட்சி நடக்கிறது. அவற்றுள் ஹெர்க் என்ற மரபணு உருவாக்கும் வாயிலை ஒண்டான்செட்ரான், டிராபெரிடால், டாம்பெரிடோன், ஹாலோபெரிடால் ஆகியவை ஓரளவு அடைத்துவிடுகின்றன. மீட்சி தாமதமாகிறது, க்யூடி நீள்கிறது, அந்த நீண்ட இடைவெளிக்குள் வேளைகெட்ட மின்தூண்டல் ஒன்று எழுந்தால் டோர்சாட் தொடங்கிவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் செல்லிலிருந்து அது இன்னும் எளிதாக வெளியேறும் என்றுதான் தோன்றும். நடப்பதோ நேர்மாறு: வெளியே பொட்டாசியம் குறையக் குறைய அதே ஹெர்க் வாயில் மேலும் மந்தமாகிறது, மருந்தும் அதில் மேலும் வலுவாகப் பற்றிக்கொள்கிறது. ஆகவே இரண்டு நாளாக வாந்தி எடுத்துப் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் இழந்துவிட்டு வரும் நோயாளிக்கு, அந்த வாந்தியை நிறுத்தப் போடும் மருந்து மற்றவர்களுக்குச் செய்வதைவிட அதிகமாக க்யூடியை நீட்டக்கூடும். மருந்து யாருக்குத் தேவைப்படுகிறதோ அவரே அதைத் தாங்கும் வலிமை குறைந்தவராக இருக்கிறார் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

துடிப்பு மெதுவாக இருப்பதும் இதே அளவுக்கு முக்கியம். இரண்டு துடிப்புகளுக்கு இடையே நீண்ட நிறுத்தம் வந்தால், அடுத்த துடிப்பின் க்யூடி இன்னும் நீள்கிறது. 1966ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் தெசெர்த்தென் இந்தக் குழப்பத்தை முதன்முதலாக விவரித்துப் பெயரிட்டபோது, அவர் பார்த்த நோயாளி இதய அடைப்பால், அதாவது இதயத்துக்குள் மின்தூண்டல் கடத்தப்படுவது தடைப்பட்டதால், துடிப்பு மெதுவாகிப்போன ஒரு மூதாட்டி. வயது, பெண், மெதுவான துடிப்பு ஆகிய மூன்றும் இன்றைக்கும் ஆபத்துக் காரணிகளின் பட்டியலில் அப்படியே நிற்கின்றன. மருந்துகளால் வரும் டோர்சாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெண்களுக்கே நேர்கிறது.

மருந்துகளைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது

ஒண்டான்செட்ரான் 1991இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2012இல் அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம், ஒரே தடவையில் 32 மில்லிகிராமை நரம்பில் ஏற்றும் அளவைக் கைவிடச் செய்தது. அந்த அளவில் க்யூடி சராசரியாக 20 மில்லி விநாடி நீண்டதும், 8 மில்லிகிராமில் நீட்சி 6 மில்லி விநாடி அளவில் நின்றதும் அதற்கு அடிப்படையாக இருந்தன. இன்று நரம்பு வழியாக ஒரு தடவைக்கு 16 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதுவும் புற்றுநோய்க் கீமோவுக்கான அளவே தவிர அவசரப் பிரிவுக்கானது அன்று. 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு முதல் நரம்பு ஊசி 8 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று பிரிட்டன் 2013இல் அறிவுறுத்தியது. கல்லீரல் கடுமையாகப் பழுதடைந்தவர்களுக்கு நாள் முழுவதற்குமே 8 மில்லிகிராம்தான் எல்லை. எலி பேஸ்ட் தின்று கல்லீரல் கெட்ட நிலையில் வாந்தியோடு கிடப்பவர்களுக்கு, ஒவ்வொரு பணிமாற்றத்திலும் ஒரு ஊசி என்று சேர்ந்துகொண்டே போகும்போது இந்த எல்லை எளிதில் மறந்துபோகிறது.

டாம்பெரிடோனின் கதை பழையது. அதன் நரம்பு ஊசி, துடிப்புக் கோளாறுகளும் மரணங்களும் நேர்ந்ததால் 1980களிலேயே விலக்கப்பட்டது. மாத்திரையாக மட்டும் அது நிலைத்தது. ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் அதை 10 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, ஒரு வாரத்துக்கு மிகாமல் என்று சுருக்கியது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், கீட்டோகோனசோல் போன்றவற்றோடு சேர்த்துத் தரவே கூடாது என்றும் கூறியது. நம் ஊரில் இது பெரும்பாலும் 'கேஸ் மாத்திரை' என்ற பெயரில், பான்டோபிரசோல் அல்லது ரேபிபிரசோலுடன் கூட்டாக, மாதக்கணக்கில் உட்கொள்ளப்படுகிறது. அந்தக் கூட்டில் இருக்கும் அமிலக் குறைப்பு மருந்தும், நீண்ட காலம் எடுத்தால் சிலருக்கு இரத்தத்தில் மக்னீசியத்தைக் குறைத்துவிடும். 2011இல் அமெரிக்க நிர்வாகம் இதைப் பற்றியும் எச்சரித்திருக்கிறது. ஒரே மாத்திரைக்குள் க்யூடியை நீட்டும் மருந்தும், அதற்கு இடம் கொடுக்கும் மருந்தும் இருக்கின்றன. நோயாளியிடம் "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் இதை அவர் சொல்ல மாட்டார். கேஸ் மாத்திரையை யாரும் மருந்தாகக் கணக்கில் வைப்பதில்லை. தனியாகத்தான் கேட்க வேண்டும்.

டிராபெரிடாலுக்கு 2001 டிசம்பரில் அமெரிக்கா, மருந்துச் சீட்டில் இடம்பெறும் மிகக் கடுமையான எச்சரிக்கையான கறுப்புக் கட்ட எச்சரிக்கையை விதித்தது. குமட்டலுக்குப் பயன்படும் 1.25 மில்லிகிராமும் அதற்குக் குறைவுமான அளவுகளுக்கு அந்த எச்சரிக்கை மிகையானது என்று அவசர மருத்துவர்கள் பலர் தொடர்ந்து வாதிட்டு வந்துள்ளனர். அவர்கள் வாதத்தில் நியாயம் இருப்பதாகவே நானும் கருதுகிறேன். சிறிய அளவு, ஆபத்துக் காரணி இல்லாத நோயாளி என்ற இரண்டும் சேர்ந்தால் இந்த மருந்துகள் எல்லாமே பெரும்பாலும் பாதுகாப்பானவைதான்.

மெட்டோகுளோபிரமைடு க்யூடியை நீட்டுவது மிகக் குறைவு. ஆனால் வேகமாகச் செலுத்தினால் துடிப்பு மெதுவாவதும், அரிதாக இதய அடைப்பும் நேரலாம். குழந்தைகளுக்கும் இளம்பெண்களுக்கும் கழுத்து இழுத்துக்கொள்ளலாம், கண் மேலே செருகலாம். 10 மில்லிகிராமை 3 நிமிடங்களுக்குக் குறையாமல் செலுத்த வேண்டும். நாளுக்கு 30 மில்லிகிராமும் ஐந்து நாட்களும் உச்ச வரம்பு. புரோகுளோர்பெரசின், புரோமெத்தசின் ஆகியவற்றுக்கும் க்யூடியில் ஓரளவு பங்கு உண்டு. 'அலர்ஜி ஊசி, தூக்கம்தான் வரும்' என்று புரோமெத்தசினை விலக்கிவைத்துப் பார்ப்பது சரியன்று.

ஊசிக்கு முன் கேட்க வேண்டியவை

கேள்விகளை ஒரு தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டிவைப்பதைவிட, எந்த வகை நோயாளிக்கு எந்தக் கேள்வி என்று பழகிக்கொள்வது நல்லது. காய்ச்சலோடு வாந்தி எடுப்பவரிடம், கடந்த ஒரு வாரத்தில் எந்த ஆன்டிபயாட்டிக் எடுத்தார் என்று கேட்க வேண்டும். அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின் ஆகிய இரண்டும் க்யூடியை நீட்டுபவை, இரண்டுமே மருந்துக் கடையில் சீட்டின்றிக் கிடைத்துவிடுகின்றன. காசநோய்ச் சிகிச்சையில் இருப்பவரிடம், அது மருந்துக்கு மசியாத வகைக்கானதா என்று கேட்க வேண்டும். அந்தச் சிகிச்சையில் வரும் பெடாகுயிலின், குளோஃபசிமின், மாக்ஸிஃப்ளாக்சசின் மூன்றும் க்யூடியை நீட்டும், வாந்தியும் அந்தச் சிகிச்சையின் அன்றாடத் தொல்லை. மனநல மருந்துகள், குறிப்பாக ஹாலோபெரிடாலும் எஸ்சிட்டலோபிராமும், மூட்டுவலிக்கும் தோல் நோய்க்கும் தரப்படும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், துடிப்பைச் சீராக்கத் தரப்படும் அமியோடரோன், சோட்டலால் ஆகியவற்றையும் கேட்டறிய வேண்டும். நீர் மாத்திரை எடுப்பவர்களுக்குப் பொட்டாசியமும் மக்னீசியமும் ஏற்கெனவே குறைந்திருக்கக்கூடும்.

குடிப்பழக்கம் உள்ளவர் வாந்தியோடு வரும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை. இவருக்கு மக்னீசியம் குறைவு, பொட்டாசியம் குறைவு, சாப்பாடு இல்லை, கல்லீரலும் தளர்ந்திருக்கக்கூடும். மதுவை நிறுத்தி இரண்டு நாள் ஆகியிருந்தால் கை நடுங்கிப் பிதற்றத் தொடங்குவார், உடனே ஹாலோபெரிடாலும் சேர்ந்துகொள்ளும். வாந்திக்கு ஒண்டான்செட்ரான், பிதற்றலுக்கு ஹாலோபெரிடால், வயிற்றெரிச்சலுக்குக் கூட்டு மாத்திரை என்று மூன்றும் ஒரே இரவில், மூன்று வெவ்வேறு கைகளால் எழுதப்படுகின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமானதுதான். மூன்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டியவர், மருந்துத் தாளைக் கையில் வைத்திருக்கும் செவிலியரும், விடியற்காலைச் சுற்றில் வரும் மருத்துவரும்.

கருவுற்ற பெண் வாரக்கணக்கில் வாந்தி எடுத்துவிட்டு வந்தால், பொட்டாசியத்தைப் பார்த்த பிறகு ஒண்டான்செட்ரானை நாடுவதே முறை. டாக்ஸிலமின், பைரிடாக்சின் கூட்டு அவருக்கு ஏற்கெனவே தரப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் கொடுக்க மறக்கக் கூடாது. அது இதயத் துடிப்போடு தொடர்பில்லாத செய்திதான், ஆனால் இந்த நோயாளியிடம் இரண்டும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வர வேண்டியவை.

குடும்பத்தைப் பற்றி இரண்டு கேள்விகள்: இளவயதில் திடீரென்று யாராவது இறந்திருக்கிறார்களா, ஓடும்போதோ நீந்தும்போதோ பயந்தபோதோ யாராவது மயங்கி விழுந்திருக்கிறார்களா? பிறவியிலேயே க்யூடி நீண்டிருக்கும் நிலையில் ஒரு வகை, பிறவிக் காது கேளாமையோடு சேர்ந்து வருகிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டிய வகை அது என்பதால், சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு அதிகம். காது கேளாத குழந்தைக்கு 'வலிப்பு' வருவதாகச் சொன்னால், ஊசிக்கு முன் ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும். பிறவி க்யூடி நீட்சி உறுதியானவர்களுக்கு ஒண்டான்செட்ரான் கூடாது.

நஞ்சு உட்கொண்டவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பூச்சிமருந்தான ஆர்கனோபாஸ்பேட் தானாகவே க்யூடியை நீட்டும். அதில் வரும் வாந்திக்கு வாந்தி மருந்து தீர்வாகாது, நஞ்சின் பிற விளைவுகளோடு சேர்த்து அட்ரோபின்தான் அதையும் அடக்கும். வட தமிழகத்திலும் புதுச்சேரிப் பகுதியிலும் தற்கொலை முயற்சிகளில் காணப்படும் ஒடுவந்தழை, சிறுநீரகம் வழியாகப் பொட்டாசியத்தை வடித்துவிட்டுக் க்யூடியையும் நீட்டுகிறது. அரளி விதை தின்றவருக்குத் துடிப்பு மெதுவாகும், அடைப்பு ஏற்படும், வாந்தியும் ஓயாது. இவர்கள் எவருக்கும் ஈசிஜி பாராமல் வாந்தி ஊசி போடுவது முறையன்று.

ஈசிஜியைக் கையால் அளப்பது

வாந்தியோடு வந்த நடுவயதினருக்கும் முதியவர்களுக்கும் ஈசிஜி எடுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது, அது க்யூடியைவிட வலுவானது. இதயத்தின் கீழ்ச்சுவரில் வரும் மாரடைப்பு, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளிடமும் பெண்களிடமும், நெஞ்சுவலி இல்லாமல் குமட்டலும் வியர்வையுமாக மட்டும் வரக்கூடும். க்யூடிக்காக எடுத்த தாளில் மாரடைப்பு அகப்படுவது அபூர்வமன்று. தலைவலியோடு வாந்தி எடுப்பவரின் ஈசிஜியில் க்யூடி நீண்டு டி அலை பெரிதாகத் தலைகீழாக நின்றால், மூளையைச் சுற்றிய இரத்தக்கசிவையும் நினைக்க வேண்டும்.

இயந்திரம் அச்சிட்டுத் தரும் எண்ணை முடிவாகக் கொள்ள வேண்டாம். டி அலை தட்டையாக இருக்கும்போதும், பொட்டாசியக் குறைவில் டி அலைக்குப் பின்னால் யூ அலை எழும்போதும் அது தவறாக அளக்கிறது. இரண்டாம் லீடிலோ வி5இலோ, கியூஆர்எஸ் தொடங்கும் புள்ளியிலிருந்து டி அலையின் இறங்கு சரிவை ஒட்டி வரைந்த கோடு அடிக்கோட்டைத் தொடும் புள்ளி வரை எண்ண வேண்டும். தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் நகரும் வழக்கமான வேகத்தில் ஒரு சிறு கட்டம் 40 மில்லி விநாடி. மூன்று துடிப்புகளையாவது அளந்து சராசரி காண்பது நல்லது. தனியாகத் தெரியும் சிறிய யூ அலையைச் சேர்க்கக் கூடாது. அது டி அலையோடு கலந்து பெரிதாக நின்றால், அந்த ஈசிஜியை எண் எதுவாக இருந்தாலும் ஆபத்தானதாகவே கொள்ள வேண்டும். கியூஆர்எஸ் அகன்றிருந்தால் க்யூடியும் அதனாலேயே நீண்டு தோன்றும், அப்போது அகன்ற பகுதியைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

இனித் துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்துவது. இயந்திரங்கள் பெரும்பாலும் பசெட் சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன, அதாவது க்யூடியைத் துடிப்பு இடைவெளியின் வர்க்கமூலத்தால் வகுப்பது. வாந்தியும் நீரிழப்புமாக வருபவருக்குத் துடிப்பு வேகமாகத்தான் இருக்கும், வேகமான துடிப்பில்தான் பசெட் மிகையாகக் காட்டுகிறது. நிமிடத்துக்கு 110 துடிப்பு, க்யூடி ஒன்பது சிறு கட்டங்கள், அதாவது 360 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். துடிப்பு இடைவெளி 0.545 விநாடி. பசெட் முறையில் திருத்திய க்யூடி 487 வருகிறது, தயங்க வைக்கும் எண். கனமூலத்தால் வகுக்கும் ஃபிரெடரிசியா முறையில் 441, ஏறக்குறைய இயல்பு. கைப்பேசியில் இருக்கும் கணிப்பானே இதற்குப் போதும். துடிப்பு 90ஐத் தாண்டினால் ஃபிரெடரிசியாவையே பயன்படுத்துங்கள். 60க்கும் 90க்கும் இடையில், டி அலை இரண்டு கியூஆர்எஸ்களின் நடுப்புள்ளிக்கு முன்பே முடிந்துவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை என்ற பழைய கண்ணளவை விதி விரைவாகப் பிரித்தறிய உதவும். வேகமான துடிப்பில் அந்த விதி பொய்த்துவிடும்.

திருத்திய க்யூடி ஆண்களில் 450, பெண்களில் 460 மில்லி விநாடிக்குள் இருந்தால் இயல்பு. 500ஐத் தாண்டினால் டோர்சாட்டின் ஆபத்து தெளிவாகவே கூடுகிறது. பழைய ஈசிஜி இருந்தால் அதோடு ஒப்பிட்டு, 60 மில்லி விநாடிக்கு மேல் நீண்டிருந்தாலும் அதே அளவு எச்சரிக்கை தேவை.

முடிவெடுப்பது

உடல்நலம் உள்ள இளையவர், வேறு மருந்து இல்லை, நேற்று சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் இன்று காலையிலிருந்து வாந்தி: இவருக்கு ஈசிஜியும் வேண்டாம், பொட்டாசியப் பரிசோதனைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். 4 மில்லிகிராம் கொடுக்கலாம். வயிற்றுப்போக்கோடு வாந்தி எடுக்கும் குழந்தைக்கு வாய்வழி ஒரு வேளை மருந்து, 8 முதல் 15 கிலோ எடைக்கு 2 மில்லிகிராம், 15 முதல் 30 கிலோவுக்கு 4, அதற்கு மேல் 8. ஆபத்துக் காரணி ஏதுமில்லாதவர்களுக்கு ஒற்றை வாய்வழி அளவுக்கு முன் ஈசிஜி எடுப்பது தேவையில்லை என்பது 2014இல் வெளிவந்த முறையான மீளாய்வின் முடிவும் ஆகும். எல்லாருக்கும் ஈசிஜி என்று விதி செய்தால், அந்த விதி ஒரு வாரத்தில் யாருக்கும் ஈசிஜி இல்லை என்று ஆகிவிடும்.

மேலே சொன்ன காரணிகளில் ஏதேனும் ஒன்று வலுவாக இருந்தாலோ, இரண்டு மூன்று சேர்ந்திருந்தாலோ, முதலில் ஈசிஜி. இதயத் தளர்ச்சி, புதிய மாரடைப்பு, கடுமையான தொற்றால் வந்த செப்சிஸ், 60க்குக் குறைந்த துடிப்பு ஆகியவை வலுவானவை. மருத்துவமனை நோயாளிகளுக்காக 2013இல் வெளிவந்த டிஸ்டேல் மதிப்பெண் முறையில் பெண்ணாக இருப்பதற்கு 1, பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 மில்லி ஈக்வலன்டோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் 2, செப்சிஸுக்கு 3, இதயத் தளர்ச்சிக்கு 3 என்று கொடுக்கிறார்கள். க்யூடியை நீட்டும் ஒரு மருந்துக்கு 3, இரண்டாவது மருந்து சேர்ந்தால் மேலும் 3. பதினொன்றைத் தொட்டால் உயர் ஆபத்து. நெரிசல் மிகுந்த இரவில் யாரும் கூட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள், ஆனால் எதற்கு எவ்வளவு எடை என்பது அதிலிருந்து மனத்தில் பதியும்: நம் கையால் சேர்க்கும் இரண்டாவது மருந்து, செப்சிஸுக்கு இணையான எடை பெறுகிறது.

திருத்திய க்யூடி 500க்கு மேல் இருந்தால் ஒண்டான்செட்ரானைத் தள்ளிவைக்க வேண்டும். முதலில் நீரிழப்பைச் சரிசெய்வது. மெல்போர்னில் 2014இல் நடந்த ஆய்வில், அவசரப் பிரிவுக்குக் குமட்டலோடு வந்த பெரியவர்களுக்கு ஒண்டான்செட்ரான், மெட்டோகுளோபிரமைடு, வெற்று ஊசி மூன்றும் அரை மணியில் ஏறத்தாழ ஒரே அளவு நிவாரணம் தந்தன. காத்திருப்பும் சொட்டுநீரும் நாம் எண்ணுவதைவிட அதிகமாகவே வேலை செய்கின்றன. இரண்டாவது, ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் பஞ்சை மூக்கருகே பிடித்து ஆழமாக முகரச் சொல்வது. இதைக் கேட்டு முதலில் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் 2016லும் 2018லும் வெளிவந்த கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகள் இரண்டிலும் அது வெற்று மருந்தைவிடத் தெளிவாகவும், பிந்தையதில் ஒண்டான்செட்ரான் மாத்திரையைவிடவும் குமட்டலைக் குறைத்தது. செலவு ஏறக்குறைய இல்லை, க்யூடி தொடப்படுவதில்லை. தலைசுற்றலோடு வரும் வாந்திக்கு, உட்காதில் துகள் இடம்பெயர்ந்ததுதான் காரணம் என்றால் எப்லி முறையில் தலையைத் திருப்பிவைப்பதே சிகிச்சை. டெக்சாமெத்தசோன் க்யூடியை நீட்டாது, சர்க்கரையைக் கவனித்துக்கொண்டு துணையாகத் தரலாம். இத்தனைக்குப் பிறகும் மருந்து தேவைப்பட்டால், பொட்டாசியத்தை லிட்டருக்கு 4 மில்லி ஈக்வலன்டுக்கு மேலும் மக்னீசியத்தை டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேலும் கொண்டுவந்துவிட்டு, மானிட்டரில் வைத்து, மூத்த மருத்துவரைக் கலந்து மெட்டோகுளோபிரமைடை மெதுவாகச் செலுத்தலாம். துடிப்பு மெதுவாக இருப்பவருக்கு அதுவும் ஏற்றதன்று.

இயல்பின் எல்லைக்கும் 500க்கும் இடைப்பட்டவர்களிடம்தான் தீர்ப்பு தேவைப்படுகிறது. என் கருத்தில், திருத்தக்கூடியவற்றைத் திருத்தத் தொடங்கிவிட்டு, 4 மில்லிகிராமை ஒரே ஒரு முறை, மானிட்டரின் கீழ் தருவது தவறில்லை. அதே நோயாளிக்கு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 4, பிறகு 8 என்று ஏற்றிக்கொண்டே போவதுதான் தவறு.

போடும்போது

4 மில்லிகிராமை அரை நிமிடத்துக்குக் குறையாமல், முடிந்தால் 2 முதல் 5 நிமிடங்களில் செலுத்த வேண்டும். முதியவர்களுக்கு 50 முதல் 100 மில்லி சலைனில் கலந்து 15 நிமிடங்களில் ஏற்றுவது மேலும் நல்லது. இரண்டு மில்லி ஆம்பூலில் 4 மில்லிகிராமும் நான்கு மில்லி ஆம்பூலில் 8 மில்லிகிராமும் இருப்பதால், உடைத்ததை முழுவதும் ஏற்றிவிடும் பழக்கம் அளவை இரட்டிப்பாக்கும். இடர்மிக்க நோயாளிக்கு அரை மணி முதல் ஒரு மணிக்குள் ஈசிஜியை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். மருந்து உடலில் பாதியாகக் குறைய 3 முதல் 6 மணி நேரம் ஆகும் என்பதால் மானிட்டரை உடனே கழற்றிவிடக் கூடாது. பொட்டாசியம் குறைந்திருந்தால், 10 மில்லி ஆம்பூலில் இருக்கும் 20 மில்லி ஈக்வலன்டைச் சொட்டுநீரில் நன்றாகக் கலந்து, கை நரம்பில் மணிக்கு 10 மில்லி ஈக்வலன்ட் வீதம் ஏற்றலாம். பொட்டாசியம் குளோரைடை நேரடியாக ஊசியால் செலுத்துவது உயிரைப் போக்கும், எந்த அவசரத்திலும் அது கூடாது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் மக்னீசியத்தையும் கூடவே தர வேண்டும். மக்னீசியம் குறைந்தபடியே இருந்தால் ஏற்றிய பொட்டாசியம் உடலில் தங்காது.

டோர்சாட் வந்துவிட்டால்

ஊசி போட்ட சற்று நேரத்தில் நோயாளி 'வலிப்பு வந்ததுபோல்' விறைத்தாலோ மயங்கினாலோ, டயசெபாம் எடுக்க ஓடுவதற்கு முன் மானிட்டரைப் பார்க்க வேண்டும். அகன்ற அலைகள் அச்சைச் சுற்றி முறுக்கியபடி பெருத்தும் சிறுத்தும் ஓடினால் அது டோர்சாட். நாடி இல்லை என்றால் மார்பை அழுத்தத் தொடங்கி, ஒத்திசைவு இல்லாத மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். நாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மக்னீசியம் சல்பேட் 2 கிராம். ஐம்பது சதவீதக் கரைசலில் இரண்டு மில்லி ஆம்பூல் ஒரு கிராம் என்பதால் இரண்டு ஆம்பூல்களைப் பத்து மில்லியாக நீர்த்து, நாடி இல்லாதவருக்கு உடனடியாகவும், நாடி இருப்பவருக்குச் சில நிமிடங்களிலும் செலுத்த வேண்டும். இரத்த மக்னீசியம் இயல்பாக இருந்தாலும் இது வேலை செய்யும், ஆகவே பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவுப் பெட்டியில் இல்லை என்றால் பிரசவ வார்டில் கட்டாயம் இருக்கும், பிரசவகால ஜன்னிக்காக (வலிப்புக்காக) அங்கே எப்போதும் வைத்திருப்பார்கள். அடங்காவிட்டால் 5 முதல் 15 நிமிடங்களில் இன்னொரு 2 கிராம்.

கீழறை வேகத்துடிப்பு என்றாலே அமியோடரோன் என்று கை போகும். அது க்யூடியை மேலும் நீட்டும் மருந்து, இங்கே கூடவே கூடாது. மக்னீசியத்துக்கும் மசியாமல் திரும்பத் திரும்ப வந்தால், மின்தூண்டலால் இதயத்தைத் துடிக்கவைக்கும் பேசிங் கருவியால் துடிப்பை நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை உயர்த்திவைக்க வேண்டும். அது கிடைக்கும் வரை ஐசோபிரெனலின் சொட்டாக ஏற்றலாம், பிறவி க்யூடி நீட்சி உள்ளவர்களுக்கு மட்டும் அது ஆகாது. பொட்டாசியத்தை 4.5க்கும் 5க்கும் இடையில் நிறுத்த வேண்டும். க்யூடியை நீட்டும் மருந்துகள் அனைத்தும் மருந்துத் தாளிலிருந்து அடித்துவிடப்பட வேண்டும். 'நிறுத்துக' என்று வாயால் சொன்னது அடுத்த பணிமாற்றத்தைத் தாண்டாது.

பெரிய மருத்துவமனைக்கு 108இல் அனுப்பும்போது மின்னதிர்ச்சி தரும் பேட்களை மார்பில் ஒட்டிய நிலையில், அதற்கான கருவியோடு, மக்னீசியம் கையிருப்போடு அனுப்ப வேண்டும். பரிந்துரைக் கடிதத்தில் எந்த வாந்தி மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்பதையும் முதல் ஈசிஜியின் நகலையும் சேர்க்க வேண்டும். அங்கே இறங்கியதும் வாந்தி எடுக்கும் நோயாளிக்கு முதல் வேலையாக மீண்டும் ஒண்டான்செட்ரான் போடப்படுவதைத் தடுப்பது அந்த ஒரு வரிதான். வீட்டுக்குத் திரும்பும் நோயாளியின் சீட்டிலும், குடும்ப மருத்துவரும் மருந்துக் கடைக்காரரும் படிக்கும்படியாக, க்யூடி நீண்டிருந்தது என்பதையும் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பெயர்களையும் தமிழில் எழுதித் தர வேண்டும். அந்தப் பட்டியலில் கேஸ் மாத்திரையும் இருக்க வேண்டும்.